தொகுதி தெரிகிறது, பகுதி எங்கே?

அந்தமானின் கராச்சர்மாவில் கண் மருத்துவர் ஒருவர் சொந்தமாகக் கிளினிக் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 40 பேர், ஆண்டுக்கு 300 வேலை நாள், ஆக 12,000 வருகை. வருகைக்கு இரண்டு தாள் வீதம் 24,000 தாள். 500 தாள் கொண்ட கட்டாகக் கணக்கிட்டால் 48 கட்டு. கட்டு 300 ரூபாய் என்றால் 14,400 ரூபாய். புதிதாக வருபவர்கள் 4,000 பேர். அவர்களுக்குக் கோப்பு அட்டை பத்து ரூபாய் வீதம் 40,000. கோப்பை எடுத்துக் கொடுக்கவும் திரும்ப அடுக்கவும் ஓர் ஆள் வேண்டும். அவருக்கு மாதம் 15,000 சம்பளம், ஆண்டுக்கு 1,80,000. காகிதத்தின் ஆண்டுச் செலவு 2,34,400 ரூபாய்.

இப்போது காகிதத்தை எடுத்துவிட்டுக் கணினியை வைப்போம். மென்பொருளுக்கு மாதம் 2,500, ஆண்டுக்கு 30,000. கணினி மூன்று, ஒன்றின் விலை 45,000. ஐந்து ஆண்டு ஓடும் என்று பிரித்தால் ஆண்டுக்கு 27,000. இன்வெர்ட்டரும் பேட்டரியும் 30,000. மூன்று ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 10,000. இணையத்துக்கு மாதம் ஆயிரம் வீதம் 12,000. கோப்பு எடுத்துக் கொடுத்தவருக்கு வேலை போகாது. அவர் பதிவு மேசையில் உட்கார்ந்து தட்டச்சு செய்வார்; அதே 1,80,000. மொத்தம் 2,59,000.

இந்த விலைகள் எல்லாம் நான் வைத்துக்கொண்ட உத்தேசம்தான். கையில் விலைப்பட்டியல் உள்ளவர்கள் தங்கள் எண்ணைப் போட்டுத் திருத்திக்கொள்ளலாம். கொஞ்சம் கூட்டினாலும் குறைத்தாலும் இரண்டு தொகையும் அக்கம்பக்கமாகவே நிற்கும். என் கணக்கில் கணினிக்கு ஆண்டுக்கு 24,600 ரூபாய் கூடுதல். ஒரு வருகைக்கு இரண்டு ரூபாய் ஐந்து காசு. ஆகவே, “மென்பொருள் போட்டால் காகிதச் செலவு மிச்சமாகும் டாக்டர்” என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம்.

ரூபாய்க் கணக்கில் வராத பெரிய செலவு ஒன்று உண்டு, மருத்துவரின் நேரம். பழகும் வரை ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகும் என்று வைத்தால் 12,000 வருகைக்கு 24,000 நிமிடம், 400 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாகப் பிரித்தால் 50 நாள். முதல் ஆண்டில் இரண்டு மாத உழைப்பு விசைப்பலகைக்குப் போகிறது. இது மிகைப்படுத்தல் என்று தோன்றினால் அமெரிக்க அனுபவத்தைப் பாருங்கள். நான்கு மாநிலங்களில் 57 மருத்துவர்களைப் பக்கத்தில் நின்று நேரம் குறித்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில், நோயாளி முகம் பார்த்துச் செலவழித்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணினியிலும் மேசை வேலையிலும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போயிருந்தது. அங்கே காப்பீட்டுக்காரர்களுக்காக எழுத வேண்டிய வரிகள் அதிகம். நம் ஊரில் அவ்வளவு இருக்காது. ஆனாலும் திரையைப் பார்த்தபடியே “சொல்லுங்கம்மா” என்று கேட்கும் மருத்துவரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

செலவுப் பக்கம் இவ்வளவு. வரவுப் பக்கத்துக்கு வந்தால் முதலில் தெரிவது, வரவு இன்னொருவர் பையில் விழுகிறது என்பதே.

தெற்கு அந்தமானில், மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர் கராச்சர்மா. 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் பக்கத்திலேயே இருக்கிறது. தீவுகளுக்கெல்லாம் தலைமை மருத்துவமனையான ஜி.பி. பந்த் மருத்துவமனை அங்கேதான். அதற்கு மேல் சிறப்பு சிகிச்சை வேண்டுமென்றால் ‘மெயின்லேண்ட்’ போக வேண்டும். தமிழ்க் குடும்பங்களுக்கு மெயின்லேண்ட் என்றால் பெரும்பாலும் சென்னை. கடல்வழியில் சுமார் 1,190 கிலோமீட்டர். கப்பலில் மூன்று நாள் வரை ஆகும், விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே. 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள் 3,80,581 பேர். அவர்களில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 15.2 சதவீதம், ஏறத்தாழ 57,800 பேர்.

நோயாளியும் துணைக்கு ஒருவரும் சென்னைக்குப் போய் வரும் செலவைப் போடுவோம். விமானம் ஒரு வழிக்கு ஆளுக்கு 6,000 என்றால் போக வர 24,000. ஐந்து நாள் தங்க 1,500 வீதம் 7,500. சாப்பாடும் ஆட்டோவும் சேர்க்காமலே 31,500 ரூபாய். போன இடத்தில் பழைய கண் அழுத்த அளவு இல்லை, பார்வைப் புல வரைபடம் இல்லை, எந்தச் சொட்டு மருந்து எந்தத் தேதியில் மாற்றப்பட்டது என்று தெரியவில்லை என்றால் எல்லாச் சோதனையும் மறுபடி முதலிலிருந்து. பல நேரம் “ஆறு மாதம் கழித்து வாருங்கள், அப்போதுதான் கூடுகிறதா குறைகிறதா என்று சொல்ல முடியும்” என்று திருப்பி அனுப்புவார்கள். கண்நீர் அழுத்த நோய்க்கு ஒருநாள் அளவு ஒன்றுமே சொல்லாது. வரிசையாகப் பத்து அளவு இருந்தால்தான் நோய் நகர்கிறதா என்று தெரியும்.

அந்தப் பத்து அளவும் ஒரே பக்கத்தில் கோடாக வரைந்து அச்சிட்டுக் கையில் கொடுக்கப்பட்டிருந்தால், அந்த இரண்டாவது பயணம் தேவைப்பட்டிருக்காது. 24,600 ரூபாய்க் கூடுதல் செலவை ஈடுகட்ட ஆண்டுக்கு ஒரே ஒரு வீண் பயணம் தவிர்ந்தால் போதும்; மீதி 6,900 ரூபாய் கையில் நிற்கும். ஆனால் யார் கையில்? செலவு செய்தவர் மருத்துவர், மிச்சம் நோயாளிக்கு. தனியார் சிறப்பு மருத்துவர்கள் மின்பதிவுக்கு வரத் தயங்குவதன் காரணத்தை மனப்பான்மையில் தேடுகிறவர்கள் இந்த ஒரு வரியைப் பார்த்தால் போதும்.

காகிதத்தின் நிலையையும் கிட்டத்தில் பார்த்துவிடலாம். ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற இடம் இது. மே மாதம் தொடங்கினால் சுவரே வியர்க்கும். அலமாரியில் நெருக்கி வைத்த கேஸ் ஷீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் வலது கண்ணின் 6/60 பக்கத்துத் தாளில் தலைகீழாகப் பதிந்து வரும். நோயாளி கையில் இருக்கும் சீட்டின் கதி இன்னும் மோசம். நாலாக மடித்து, பிளாஸ்டிக் உறையில் ரேஷன் அட்டையோடு சேர்த்து, மஞ்சப்பைக்குள் வைத்து நான்கௌரி கப்பலில் மூன்று நாள் போய்ச் சேரும்போது, மடிப்பு விழுந்த இடத்தில் எந்த எண் இருந்ததோ அந்த எண்தான் சென்னை மருத்துவருக்கு வேண்டியிருக்கும்.

2002-ல் வந்த மருத்துவ கவுன்சில் நடத்தை விதிகள், உள்நோயாளியின் பதிவேட்டைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டு காக்க வேண்டும் என்றும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. கண்நீர் அழுத்தமும் சர்க்கரை நோயின் விழித்திரைப் பாதிப்பும் மூன்று ஆண்டில் முடிகிற கதைகளா? தாளின் தடிமன் 0.1 மில்லிமீட்டர் என்று வைத்தால் ஆண்டுக்கு 24,000 தாள் 2.4 மீட்டர் அடுக்கு. இருபது ஆண்டுக்கு 48 மீட்டர், அட்டைகள் தனி. கராச்சர்மா வாடகையில் அதற்கு ஓர் அறை.

இதுவரை சொன்னதெல்லாம் பதிவு. பதிவு மட்டும் போதுமென்றால் ஒரு ஸ்கேனர் வாங்கி எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துவிடலாம். சிறப்பு மருத்துவத்தில் மென்பொருளின் உண்மையான வரவு விளைவுக் கணக்கில் இருக்கிறது. அறுவை செய்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்குப் பார்வை வந்தது, எத்தனை பேருக்குச் சிக்கல் வந்தது? எந்த மருத்துவரிடமும் தொகுதி இருக்கும்: “போன வருஷம் இரண்டு கேஸ் தொற்று வந்தது” என்று நினைவிலிருந்தே சொல்வார். கீழே வர வேண்டிய பகுதி எங்கே? எத்தனையில் இரண்டு? இருநூறிலா, இரண்டாயிரத்திலா?

பகுதி கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு மதுரையைப் பார்க்க வேண்டும். 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, விலை குறைந்த கண்வில்லைகளாலும் இலவச அறுவைகளாலும் பெயர் பெற்றது. அதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. குறைவாகப் பேசப்படுவது அவர்களுடைய கணக்குப் புத்தகம். கண்புரை அறுவைக்குப் பின் கண்ணுக்குள் சீழ்பிடிக்கும் தொற்று அரிது. வந்தால் பார்வையே போய்விடக்கூடும். அறுவை முடியும் தறுவாயில் மாக்சிஃப்ளாக்சசின் மருந்தைக் கண்ணுக்குள் சிறிதளவு செலுத்தினால் அது குறையுமா என்பது கேள்வி. 2014 ஜனவரி முதல் 2016 மே வரை 29 மாதங்களில் அரவிந்தின் பத்து மருத்துவமனைகளில் நடந்த 6,17,453 அறுவைகளை எடுத்துக் கணக்கிட்டார்கள். மருந்து செலுத்தாத 3,02,815 கண்களில் 214 பேருக்குத் தொற்று, 0.07 சதவீதம். செலுத்திய 3,14,638 கண்களில் 64, அதாவது 0.02 சதவீதம். 2017-ல் அது வெளியானது.

இந்த எண்களை நாமே கொஞ்சம் உருட்டிப் பார்க்கலாம். மருந்து இல்லாமல் அதே பழைய விகிதம் தொடர்ந்திருந்தால் இரண்டாவது குழுவில் சுமார் 222 கண்களில் தொற்று வந்திருக்கும். வந்தது 64. வித்தியாசம் 158 கண்கள். இன்னொரு வகையில் சொன்னால், ஏறக்குறைய 2,000 பேருக்கு மருந்து செலுத்தினால் ஒருவரின் தொற்று தடுக்கப்படுகிறது. குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்த சோதனை அல்ல இது, முன்னும் பின்னும் ஒப்பிட்டது; அந்த இடைவெளியில் வேறு ஏதாவது மாறியிருக்கலாம் என்ற ஐயம் எப்போதும் இருக்கும். அப்படியிருந்தும் உலகெங்கும் கண் அறுவை மருத்துவர்கள் அந்தக் கட்டுரையை எடுத்துக் காட்டுகிறார்கள். ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட கண்களின் பகுதியை வேறு யாரால் போட முடிந்தது?

அதே நிறுவனத்தின் 2012-ஆம் ஆண்டுக் கட்டுரை இன்னும் துணிச்சலானது என்பேன். மதுரையில் நடந்த 79,777 கண்புரை அறுவைகளை, செய்தவர் யார் என்று பிரித்துப் பார்த்தார்கள். அறுவையின்போது சிக்கல் வந்த விகிதம், பணியில் உள்ள மூத்த மருத்துவர்களிடம் 0.79 சதவீதம், வெளியிலிருந்து பயிற்சிக்கு வந்தவர்களிடம் ஏறக்குறைய 5 சதவீதம். ஆறு மடங்குக்கு மேல். முறை வாரியாகப் பிரித்தபோது பேக்கோ எனப்படும் மீயொலி முறையில் மொத்தச் சிக்கல் 1.11 சதவீதம், கையால் செய்யும் சிறு கீறல் முறையில் 1.01. மொத்தத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் பயிற்சியில் இருந்தவர்களை மட்டும் எடுத்தால் பேக்கோவில் 4.8, சிறு கீறலில் 1.46. கற்றுக்கொள்கிறவரின் கையில் எந்த முறையை முதலில் கொடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா? ‘யார் செய்தது’ என்ற கட்டம் பதிவில் காலியாக விடப்பட்டிருந்தால் இந்த விடை கிடைத்திருக்காது. அந்தக் கட்டத்தை நிரப்பச் சம்மதிப்பதுதான் இதில் கடினமான பகுதி. மென்பொருள் எழுதுவது சுலபம்.

பிரிட்டனும் இதே பாதையில் போனது. 2006 முதல் 2010 வரை மின்பதிவில் சேர்ந்த 1,80,114 கண்புரை அறுவைகளில் லென்ஸ் பையின் பின்சுவர் கிழிந்தது 1.95 சதவீதம். அங்குள்ள கண் மருத்துவக் கல்லூரியின் தேசியத் தணிக்கை, ஒவ்வொரு மருத்துவமனையின் எண்ணையும் ஆண்டுதோறும் வெளியிடத் தொடங்கிய பின் இப்போது அது ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஹைதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் நிறுவனம் 2010 முதல் தன் கிராம மையங்கள் வரை ஒரே மின்பதிவை ஓட்டி, எட்டே ஆண்டில் 22.7 லட்சம் நோயாளிகளின் 47.3 லட்சம் ஆலோசனைகளைச் சேர்த்தது.

நம் கராச்சர்மா டாக்டர் இதையெல்லாம் படித்துவிட்டு, “அவர்களிடம் லட்சக்கணக்கில் இருக்கிறது, என்னிடம் என்ன இருக்கிறது?” என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. அவர் ஆண்டுக்கு 500 கண்புரை அறுவை செய்கிறார் என்று வைப்போம். 0.07 சதவீத விகிதத்தில் அவருக்கு ஆண்டுக்கு 0.35 தொற்று, அதாவது மூன்று ஆண்டுக்கு ஒன்று. ஓர் ஆண்டில் தொற்றே வரவில்லை என்றால் பெருமைப்படலாமா? புள்ளியியலில் எளிய விதி ஒன்று உண்டு: பூஜ்யம் வந்தால் மூன்றை மொத்தத்தால் வகுத்துக்கொள்ள வேண்டும். மூன்றை 500-ஆல் வகுத்தால் 0.6 சதவீதம். அவருடைய உண்மையான விகிதம் அரவிந்தின் பழைய விகிதத்தைப்போல எட்டு மடங்காக இருந்தாலும், ஓர் ஆண்டு அதிர்ஷ்டத்தில் பூஜ்யம் வந்திருக்கலாம். 0.07-க்கும் 0.02-க்கும் உள்ள வித்தியாசத்தை அவர் தன் கிளினிக்கிலேயே நிரூபிக்க நினைத்தால், வழக்கமான சூத்திரப்படி இரண்டு பக்கமும் சுமார் 28,000 அறுவை வேண்டும். மொத்தம் 56,000. ஆண்டுக்கு 500 வீதம் 112 ஆண்டு.

ஆகவே தனி கிளினிக்கால் அரிய சிக்கல்களை எண்ணி எதையும் கற்றுக்கொள்ள முடியாது. அதற்குப் பலர் சேர்ந்து ஒரே புத்தகத்தில் எழுத வேண்டும். தனியாக அவர் எண்ண வேண்டியது அடிக்கடி நடப்பதை: அறுவைக்குப் பின் பார்வை எவ்வளவு வந்தது. உலக சுகாதார நிறுவனம் 1998-ல் வைத்த அளவுகோல், நோயாளி போட்டு வரும் கண்ணாடியோடு பார்த்தால் 80 சதவீதம் பேருக்காவது 6/18 அல்லது அதைவிட நல்ல பார்வை. 6/60-க்கும் கீழே போனவர்கள் 5 சதவீதத்துக்குள். 80-ஐ 90 ஆக்கிவிட்டோமா என்று கண்டுபிடிக்க முன்னால் 200 பேர், பின்னால் 200 பேர் இருந்தால் போதும். நம் டாக்டருக்கு அது பக்கத்துக்கு ஐந்து மாத வேலை. 112 ஆண்டு எங்கே, ஐந்து மாதம் எங்கே! எதை எண்ணுவது என்று முதலில் முடிவு செய்யாமல் நூற்றிருபது கட்டங்கள் கொண்ட மென்பொருளை வாங்குகிறவர்கள் நூற்றிருபதையும் அரைகுறையாக நிரப்பிவிட்டு, “டேட்டா இருக்கு” என்கிறார்கள்.

தீவுக்கே உரிய சிக்கல் இனிமேல்தான். அறுவை முடிந்த 500 பேரில் ஆறாவது வாரம் திரும்பி வந்தவர்கள் 300 பேர் என்று வைத்துக்கொள்வோம். மாயாபந்தரிலிருந்தோ லிட்டில் அந்தமானிலிருந்தோ வந்தவர்கள் ‘நல்லாத்தானே தெரியுது, எதுக்குக் கப்பலேறணும்’ என்று இருந்துவிடுவார்கள். சிலர் தெரியாமல் போனதால் மனம் விட்டு வராமல் இருந்துவிடுவார்கள். வந்த 300 பேரில் 270 பேருக்கு நல்ல பார்வை. மென்பொருள் திரையில் பச்சை நிறத்தில் 90 சதவீதம் என்று காட்டும். வராத 200 பேருக்கும் பார்வை சரியில்லை என்று வைத்தால் 54 சதவீதம்; அத்தனை பேருக்கும் நன்றாக இருக்கிறது என்று வைத்தால் 94. உண்மை 54-க்கும் 94-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. திரையோ 90 என்று அடித்துச் சொல்கிறது. பின்தொடர்ந்தவர்களின் விகிதத்தை விளைவு எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சிடாத மென்பொருளை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

இதற்கு ஒரு நல்ல வழி ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவில் 40 மையங்களில் 3,708 நோயாளிகளை வைத்து நடத்தி 2013-ல் வெளியிட்ட ஆய்வு, அறுவை முடிந்து வீடு திரும்பும் முன் எடுத்த பார்வை அளவுக்கும் நாற்பது நாளுக்குப் பிந்தைய அளவுக்கும் மையம் மையமாகப் பார்த்தால் நல்ல தொடர்பு இருப்பதைக் காட்டியது. தனி நோயாளிக்கு அது போதாது, தையலோ வீக்கமோ பார்க்க அவர் வரத்தான் வேண்டும். ஆனால் இந்தக் கிளினிக்கின் தரம் எப்படி என்று கணிக்க, எல்லோருடைய முதல்நாள் அளவையும் விடாமல் எழுதினாலே பெரும்பகுதி தெரிந்துவிடும். முதல்நாள் அளவு எடுக்க யாரும் கப்பலேற வேண்டாம். 500 பேரும் அங்கேதான் கட்டுப் பிரிக்கக் காத்திருக்கிறார்கள். இதைக் கணக்கிட ஃப்ரெட் ஹாலோஸ் அறக்கட்டளையின் ‘பூஸ்ட்’ என்ற செயலி இலவசமாகவே வந்தது.

மீதிப் பேருக்கு ஊரிலேயே அளவெடுத்து அனுப்ப முடியுமா என்றால், அதற்கும் தேனிப் பக்கம் முன்மாதிரி உண்டு. அரவிந்த் தன் கிராமக் கண் மையங்களைத் தொடங்கிய காலத்தில், பெர்க்லி பல்கலைக்கழகக் குழுவோடு சேர்ந்து நெடுந்தூர வைஃபை கோபுரங்கள் வைத்து, கிராமத்தில் உள்ள தொழில்நுட்பப் பணியாளர் எழுதும் பதிவையும் நோயாளியின் முகத்தையும் தேனி மருத்துவமனையில் உள்ள மருத்துவர் பார்க்கும்படி செய்தது. மலையும் வயலும் இருந்த இடத்தில் இங்கே கடல் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொல்லியிருக்க முடியாது, 2020 வரை.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னை–அந்தமான் கடலடிக் கண்ணாடியிழைக் கேபிள் திறக்கப்பட்டது. நீளம் 2,312 கிலோமீட்டர், செலவு 1,224 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு 53 லட்சம். 2011 மக்கள்தொகையால் வகுத்தால் தீவுவாசி ஒருவருக்கு 32,000 ரூபாய்க்குச் சற்று மேலே. போர்ட் பிளேரோடு ஹேவ்லாக், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார், லாங் தீவு, ரங்கத் ஆகியவையும் இணைந்தன. ஐந்து நாள் கழித்து, ஆகஸ்ட் 15 அன்று, தேசிய மின்னணு சுகாதாரத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது முன்னோட்டமாக எடுத்துக்கொண்ட ஆறு யூனியன் பிரதேசங்களில் அந்தமான் நிக்கோபாரும் ஒன்று, புதுச்சேரியும் ஒன்று. நாடு முழுவதற்கும் அது விரிந்தது 2021 செப்டம்பர் 27 அன்று. ஆபா எனப்படும் 14 இலக்க சுகாதாரக் கணக்கு எண் நாட்டின் பெரும்பகுதிக்குப் போய்ச் சேரும் முன்பே கராச்சர்மாவுக்கு வந்துவிட்டது. ஒரு வருகைக்கு விழித்திரைப் படங்களோடு சேர்த்து 3 மெகாபைட் என்று வைத்தால் நம் கிளினிக்கின் 12,000 வருகைக்கும் ஆண்டுக்கு 36 கிகாபைட். சட்டைப் பையில் கிடக்கும் பென்டிரைவே தாங்கும். குழாய் போட்டாகிவிட்டது. அதில் ஓட விடுவதற்கான தண்ணீரைத்தான் காணோம்.

அரசு கொடுக்கும் ஊக்கத்தொகையை வரவில் எழுதலாமா? 2023 ஜனவரியில் தொடங்கிய மின்னணு சுகாதார ஊக்கத் திட்டம், பத்துப் படுக்கைக்குக் குறையாத மருத்துவமனைகளுக்கு, ஆபா எண்ணோடு இணைத்த பதிவுகள் குறிப்பிட்ட அடிப்படை அளவைத் தாண்டினால் கூடுதல் பதிவு ஒவ்வொன்றுக்கும் 20 ரூபாய் வீதம், 4 கோடி ரூபாய் உச்சவரம்பு வரை தருவதாகச் சொன்னது. பெரிய மருத்துவமனைகளுக்கு அது நல்ல தொகை. தனி மருத்துவரின் கிளினிக் இதை நம்பி வரவுப் பக்கத்தில் எழுத வேண்டாம், கிடைத்தால் லாபம்.

ஆபத்துப் பத்தியும் பேரேட்டில் வேண்டும். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களைப் பிணைப்பண மென்பொருள் முடக்கியது. நாட்டின் முதன்மை மருத்துவமனை நாள்கணக்கில் பேனாவும் தாளுமாகத் திரும்பிப் போனது. 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவு கசிவதைத் தடுக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. சின்னக் கிளினிக்குக்கு அவ்வளவு வராது என்று வைத்துக்கொண்டாலும், வரவேற்பு மேசையில் கடவுச்சொல்லை ஒட்டுத்தாளில் எழுதித் திரையிலேயே ஒட்டி வைத்திருக்கும் பழக்கத்துக்கு இனி விலை உண்டு. தினமும் இரவு ஒரு நகல் வெளி வன்தட்டுக்குப் போக வேண்டும், அந்த வன்தட்டு கணினியிலிருந்து கழற்றி வைக்கப்பட வேண்டும். 5,000 ரூபாய் வேலை.

இன்னொரு செலவை யாரும் விலைப்பட்டியலில் எழுதுவதில்லை: வெளியேறும் செலவு. மூன்று ஆண்டு கழித்து மென்பொருளை மாற்ற நினைத்தால் 36,000 வருகையின் பதிவு எந்த வடிவத்தில் கைக்கு வரும்? படமாக மட்டும் வந்தால் அது மீண்டும் காகிதம்தான், பசை இல்லாத காகிதம். சத்தீஸ்கரின் கனியாரியில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் மருத்துவமனைக்காக உருவான ‘பாம்னி’ போன்ற திறமூல மென்பொருள்களுக்கு உரிமக் கட்டணம் இல்லை, தரவும் நம் கையிலேயே இருக்கும். ஆனால் அதை நிறுவிப் பராமரிக்க ஓர் ஆள் வேண்டும். தீவில் அந்த ஆள் கிடைப்பது சிரமம். மாதம் 2,500 கொடுப்பதா, ஆள் தேடுவதா என்பது ஒவ்வொருவரும் தம் இடத்தைப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு.

என் தீர்ப்பு இது. சேமிப்புக்காக மின்பதிவு வாங்குகிற சிறப்பு மருத்துவர் ஏமாறுவார். தன் கையின் விளைவை அறிய வாங்குகிறவருக்கு வருகைக்கு இரண்டு ரூபாய் மலிவு. கராச்சர்மாவிலும் போர்ட் பிளேரிலும் கண்ணோ, சிறுநீரகமோ, எலும்போ பார்க்கிற டாக்டர்கள் விற்பனைப் பிரதிநிதியிடம் மூன்று கேள்வி கேளுங்கள். விளைவு எண்ணோடு, திரும்பி வராதவர்களின் எண்ணிக்கையையும் காட்டுமா? என் தரவு முழுவதையும் அட்டவணையாக நானே எடுத்துக்கொள்ள முடியுமா? கேபிள் அறுந்தால் அன்று ஓபி ஓடுமா? மூன்றுக்கும் ‘ஆம்’ வரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. செய்தவர் யார், எந்த முறை, முன் இருந்த பார்வை, முதல்நாள் பார்வை, சிக்கல் உண்டா இல்லையா என்று ஐந்து பத்திகள் போட்டு, கையில் இருக்கும் கணினியில் ஓர் எக்செல் தாளைத் திறந்து நாளைக் காலை முதல் கட்டுப் பிரிக்கும்போதே எழுதத் தொடங்கலாம். அதற்குச் செலவு எதுவும் இல்லை.